முழங்கால் மேல் புத்தகம்

அவருக்குப் பயந்தாங்கொள்ளி என்று பெயர் வைத்தது யார் என்று யாருக்கும் நினைவில்லை. ஆனால் அந்தப் பெயருக்காகத்தான் அவரை வேலைக்கு வைத்திருந்தார்கள்.

பெரிய எண்ணெய் டேங்குகளைச் சுத்தம் செய்து கொடுக்கும் ஒரு கான்டிராக்டரிடம் அவருக்கு வேலை. டேங்கின் அடிப்பக்கத்தில் ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு ஒரு வட்டத் துவாரம் இருக்கும். உள்ளே போகிறவன் தரையில் படிந்த கசடைச் சுரண்டி வாளியில் அள்ளுவான். இவர் உள்ளே போகமாட்டார். துவாரத்தை ஒட்டி ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு, உள்ளே இருப்பவனைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். "இருக்கியா?" என்பார். "இருக்கேன்" என்று உள்ளேயிருந்து வரும். காலையிலிருந்து சாயங்காலம் வரை இந்த ஒரு கேள்வி, இந்த ஒரு பதில். இதற்கு ஒரு சம்பளமா என்று புதிதாக வருகிறவர்கள் சிரிப்பார்கள்.

டேங்குக்குள் என்ன இருக்கும் என்று சொன்னதும் சிரிப்பு நின்றுவிடும். எண்ணெய் கெட்டுப்போகாமலிருக்க, மேலே காற்றுக்குப் பதிலாக நைட்ரஜனை நிரப்பி வைப்பார்கள். அதற்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. இருமல் வராது, மூச்சு முட்டாது. ஆள் ஒழுங்காக மூச்சு விட்டுக்கொண்டே விழுந்துவிடுவான். அதனால் முந்தின நாளே எல்லாவற்றையும் திறந்துவிட்டு, புளோவர் வைத்து நல்ல காற்றை உள்ளே தள்ளி, கருவியால் அளந்து பார்த்த பிறகுதான் ஆளை அனுப்புவார்கள். கருவி ஒன்றே ஒன்று. அதைக் கையில் வைத்துக்கொண்டு கான்டிராக்டர் டேங்க் டேங்காக அலைவார். இடைப்பட்ட நேரத்தில் அளப்பது இவருடைய காதுதான்.

பதில் ஒரு இழை தாமதமாக வந்தால் ஆளை வெளியே கூப்பிட்டுவிடுவார். நாக்கு தடித்த மாதிரி வந்தாலும் கூப்பிட்டுவிடுவார். அவர் மிகவும் பயந்தது சந்தோஷமான பதிலுக்கு. காற்று குறையும்போது சிலருக்குக் கிறக்கம் வரும், குடித்தவனைப் போலச் சிரிப்பான். ஒருமுறை ஒருவன் "ஜம்முனு இருக்கேன் ராசா!" என்று உள்ளேயிருந்து கத்தினான். இவர் யோசிக்கவே இல்லை. உள்ளே போகிறவனுடைய இடுப்பு வாரில் கொக்கி போட்டு மாட்டிய கயிறு வெளியே வின்ச் உருளையில் சுற்றியிருக்கும். அதன் கைப்பிடியைச் சுற்றி, கயிறோடு சேர்த்து அவனை வெளியே இழுத்துப்போட்டார். அவன் இவருடைய பரம்பரையையே திட்டித் தீர்த்தான். அப்புறம் பார்த்தால் புளோவரின் ஒயர் கழன்று கிடந்தது. அவன் அன்று திட்டியதற்கெல்லாம் சேர்த்து இவருக்கு டீ வாங்கிக் கொடுத்தான்.

கான்டிராக்டருக்கு ஒரு கொள்கை உண்டு. "உள்ளே விழுந்தவனைத் தூக்கப் போனவன்தான் இந்தத் தொழில்ல அதிகமா செத்திருக்கான். தைரியசாலியை நான் வேற வேலைக்கு வச்சுக்கறேன். ஸ்டூல்ல எனக்கு ஒரு பயந்தாங்கொள்ளி வேணும்" என்பார். எல்லோர் முன்னாலும் சொல்வார், பாராட்டு என்று நினைத்துக்கொண்டு. இவரும் சிரித்துக்கொள்வார். உள்ளே சுருக்கென்று இருக்கும்.

ஏனென்றால் அவருடைய பயம் டேங்கோடு நிற்கவில்லை. கேஸ் அடுப்பை மூடிவிட்டோமா என்று தெருமுனையிலிருந்து திரும்பி வருவார். பூட்டிய பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, பூட்டு பிடுங்கிக்கொண்டு வந்துவிடுமோ என்று அதற்கும் பயப்படுவார். இடி இடித்தால் டிவியின் பிளக்கைப் பிடுங்குவார், பிடுங்கப் போனால் ஷாக் அடிக்குமோ என்று கட்டைக்குச்சி தேடுவார். "இந்த வீட்ல என்னைத் தவிர மத்த எல்லாத்துக்கும் இவருக்குப் பயம்" என்பாள் அவர் மனைவி. மகள் வெளியூரில் வேலையில் இருந்தாள். அவள் போன் எடுக்கத் தாமதமானால் போதும், இவர் முகம் வெளுத்துப் போகும்.

இந்தப் பயத்துக்கு மருந்து ஓரிடத்தில் இருக்கிறது என்று அவர் வெகுகாலமாக நம்பினார். மருந்து பரண் மேல், ஒரு பழைய சூட்கேஸில் இருந்தது.

இளைஞனாக இருந்தபோது கல்லூரியில் ஒரு வருடம் தத்துவம் படித்தவர் அவர். அப்பா படுத்துவிட்டதால் படிப்பு அதோடு நின்றது. நிற்பதற்கு முன்னால், பழைய புத்தகக் கடையில் தத்துவ நூல்களாகப் பொறுக்கி வாங்கியிருந்தார். எல்லாம் தடித்தடியான புத்தகங்கள், பழங்காலத்து ஞானிகள் எழுதியவற்றின் மொழிபெயர்ப்புகள். வேலை ஒன்று அமையட்டும், படித்துவிடலாம் என்று நினைத்தார். கல்யாணம் ஆகட்டும், மகள் பள்ளிக்கூடம் போகட்டும், அவள் படிப்பு முடியட்டும் என்று அது தள்ளிக்கொண்டே போனது. வீடு மாறும்போதெல்லாம் சூட்கேஸும் கூடவே வந்தது. உண்மையைச் சொன்னால், அவருக்குப் புத்தகங்களிடமும் பயம்தான். படித்துப் பார்த்து மருந்து வேலை செய்யவில்லை என்றால், அப்புறம் நம்புவதற்கு ஒன்றும் இருக்காதே.

மாடி வீட்டுக் குளியலறைக் குழாய் கசிந்து பரணில் தண்ணீர் இறங்கியதால்தான் சூட்கேஸ் கீழே வந்தது. புத்தகங்கள் ஓரங்கள் ஊறி உப்பியிருந்தன. கட்டிலில் பரப்பி, மின்விசிறியைப் போட்டு, ஒட்டிக்கொண்ட தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிரிக்கப் பிரிக்கக் கண் வரிகளில் ஓடியது. ஒரு புத்தகம் முழுக்கவே பயத்தைப் பற்றியது. அதன் அட்டை எப்போதோ போய்விட்டது. எழுதியவருக்கு இவரை நேரில் தெரியும்போல இருந்தது. பூட்டை இழுத்துப் பார்ப்பவனைப் பற்றியெல்லாம் அதில் இருந்தது. சாப்பிடக் கூப்பிட்டும் அவர் எழுந்திருக்கவில்லை.

மருந்து வேலை செய்தது. வேடிக்கை அதுதான். சில வாரங்களில் அவர் அடுப்பைத் திரும்பிப் பார்க்காமல் தெருவைக் கடந்தார். படுத்ததும் தூங்கினார். மகள் போன் எடுக்காதபோது, வேலையாக இருப்பாள் என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாளைப் பிரித்தார். மனைவிக்குத்தான் திக்கென்றது.

"ஏங்க, உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?"

"இல்லையே."

"பின்ன ஏன் இப்படி நிம்மதியா இருக்கீங்க?"

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. காரணம் இருந்தது. அவளுடைய தம்பி இந்த டேங்க் வேலையில்தான் இருந்தான். தம்பி என்பது பேருக்குத்தான். அம்மா இல்லாத பிள்ளை, இடுப்பில் தூக்கி வளர்த்தது அவள்தான். வேலை வாங்கிக் கொடுத்தது இவர். பெரும்பாலும் உள்ளே போகிறவன் அவன், வெளியே உட்காருகிறவர் இவர். தினமும் வாசலில் நின்று "தம்பியைப் பாத்துக்கோங்க" என்று சொல்லித்தான் அனுப்புவாள். தன் புருஷனுடைய பயத்தைக் கேலி செய்துகொண்டே அதை நம்பித்தான் அவள் தூங்கினாள்.

புத்தகம் முதலில் வேலைக்குப் பையில் போயிற்று, இடைவேளையில் படிப்பதற்கு. பிறகு ஸ்டூலுக்கு அடியில் வந்தது. பிறகு முழங்கால் மேல் ஏறிக்கொண்டது. ஸ்டூலில் இருப்பவர் கையில் ஒன்றும் இருக்கக் கூடாது, போன்கூட. அது அவருக்கே தெரியும், புதியவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். ஆனால் ஒரு பத்தி படித்துவிட்டு ஒரு முறை கூப்பிட்டால் என்ன குறைந்துவிடப் போகிறது? கூப்பிட்டார், பதில் வந்தது, அடுத்த பத்தி படித்தார். கொஞ்ச நாளில் பத்தி என்பது பக்கமாயிற்று. அது எப்போது ஆயிற்று என்று அவர் கவனிக்கவில்லை.

அன்றைக்குச் சின்ன டேங்க். மச்சினன் மட்டும் உள்ளே. கான்டிராக்டர் அளந்து பார்த்துத் தலையாட்டிவிட்டு அடுத்த டேங்குக்குப் போய்விட்டார். புளோவர் ஒரே சீராக இரைந்துகொண்டிருந்தது.

"இருக்கியா மாப்ளே?"

"இருக்கேன் மாமா. இந்த மூலையில கசடு கல்லு மாதிரி இருக்கு."

"மெதுவா பண்ணு."

புத்தகத்தில் ஓர் இடம் வந்தது. படித்தார். திரும்பவும் படித்தார். பிறகு கண்ணை எடுத்து, எதிரே வரிசையாக நின்ற டேங்குகளையும் அவற்றுக்கு மேலே இருந்த வெளிச்சத்தையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இத்தனை வருடத்தில் இப்படி ஓர் அமைதி வந்ததில்லை. இதற்காகத்தானே இத்தனை வருடமும் ஏங்கினோம் என்று தோன்றியது. கண் லேசாக நனைந்தது.

புளோவரின் சத்தத்தில் என்னவோ ஒன்று குறைவதாகப் பட்டது. சத்தம் குறையவில்லை. அதோடு சேர்ந்து வந்துகொண்டிருந்த சுரண்டும் சத்தம்தான் இல்லை.

"இருக்கியா மாப்ளே?"

புளோவர் இரைந்தது.

"மாப்ளே! இருக்கியா?"

கடைசியாக எப்போது பதில் வந்தது என்று யோசித்தார். நினைவில்லை. இந்தப் பக்கத்தில் கூப்பிட்டோமா, முந்தின பக்கத்திலா? கூப்பிட்டது நினைவிருக்கிறது, பதில் வந்ததா என்பது இல்லை. மெதுவாகப் பண்ணு என்று சொன்னோமே, அது இன்றைக்கா? புத்தகம் கீழே விழுந்தது. வின்ச்சுக்குப் பாய்ந்து கைப்பிடியைச் சுற்றினார். சுற்றுவதற்குச் சுலபமாக இருந்தது. ஆள் எடைக்குக் கயிறு இப்படி வராது என்று கைக்குத் தெரிந்தது, மனசு ஒப்புக்கொள்ளவில்லை. கயிறு வேகமாக வந்து, அதன் முனையில் கொக்கி மட்டும், கசடு பூசிக்கொண்டு, துவாரத்தின் விளிம்பில் டங்கென்று மோதி நின்றது.

தரையோடு ஓடும் சூடேற்றும் குழாய்களில் கயிறு சிக்கியதால் அவன் கொக்கியைக் கழற்றியிருந்தான். நைட்ரஜன் குழாய் வாயில் அடைப்புத் தகடு போடாமல் வால்வை மட்டும் மூடியிருந்தார்கள். யாரோ விஷயம் தெரியாமல் அதைத் திறந்துவிட்டார்கள். புளோவர் தள்ளிய காற்றையும் மீறி நைட்ரஜன் உள்ளே நிரம்பியிருந்தது. இதெல்லாம் பின்னால் தெரிந்தது. அப்போது அவருக்குத் தெரிந்தது, துவாரத்துக்குள் குனிந்து பார்த்தபோது இருட்டு தொடங்குகிற இடத்தில் கிடந்த ஒரு பூட்ஸின் அடிப்பாகம் மட்டும்தான். அது அசையவில்லை.

ஒரு காலைத் தூக்கி உள்ளே வைத்தார்.

அந்த நிமிஷத்தில் அவருக்குப் பயம் இல்லை. துளிக்கூட இல்லை. மனசு கண்ணாடி போலத் தெளிந்திருந்தது. எட்டிப் பிடித்து இழுத்துவிடலாம், அவ்வளவு தூரம்தானே என்றது. குனிந்து மூச்சை இழுத்தார். பழகிப்போன கசடு நாற்றத்தைத் தவிர உள்ளே எந்த வாசனையும் இல்லை. அந்த வாசனையில்லாமைதான் அவரைப் பிடித்து உலுக்கியது. இத்தனை வருடமும் கூடவே இருந்த பழைய பயம் ஓடிவந்து சட்டைக் காலரைப் பிடித்தது. இரண்டாவது பிணமாக விழுந்தால் கூப்பிடுவதற்கு வெளியே ஆள் இல்லை. காலை உருவினார். செருப்பு உள்ளேயே தங்கிவிட்டது.

ஆபத்து வந்தால் ஆட்களைக் கூப்பிடவென்று கழுத்தில் தொங்கிய ஹாரனை அழுத்தினார். அழுத்திக்கொண்டே புளோவரின் குழாயைப் பிடுங்கி, நீளக் கைப்பிடி போட்ட சுரண்டுகோலால் அதைப் பூட்ஸ் இருந்த பக்கமாகத் தள்ளினார். கோல் இரண்டு முறை நழுவியது. அதற்கு மேல் செய்ய ஒன்றுமில்லை. ஆட்கள் வரும்வரை வெளியே நிற்பதுதான் மிச்சம். மனைவியின் தம்பி உள்ளே கிடக்க, ஒரு காலில் செருப்போடு வெளியே நிற்கிறவனுக்கு வேறென்ன முடியும்? கூப்பிட்டார். "இருக்கியா மாப்ளே, இருக்கியா, மாப்ளே, டேய்!" ஒரு முறைகூட நிறுத்தவில்லை. முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு வந்தவர்கள் அவரைத் தோளால் தள்ளிவிட்டு உள்ளே நுழைந்தபோதும் அவர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மச்சினனை வெளியே கிடத்தினார்கள். உதடு நீலமாக இருந்தது. மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்க்க அவருக்குத் துணிச்சல் வரவில்லை. வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

திரும்பிய பக்கத்தில் புத்தகம் கிடந்தது. யாரும் பார்ப்பதற்குள் எடுத்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் மூச்சுக் குழாய் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். "உயிர் இருக்கு. கண்ணு முழிச்சு பேசினாத்தான் மூளைக்கு என்ன ஆச்சுன்னு சொல்ல முடியும்" என்றார் டாக்டர். வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். கான்டிராக்டர் அவர் மனைவியிடம், "உங்க வீட்டுக்காரர் மட்டும் ஸ்டூல்ல இல்லேன்னா இன்னிக்குக் கதை வேற மாதிரி ஆயிருக்கும்மா" என்றார். அவள் இவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு தோளில் சாய்ந்து அழுதாள். சாய்ந்தவளின் கை அவர் வயிற்றில் எதிலோ இடித்தது.

"என்னங்க இது, சட்டைக்குள்ள?"

"ஒண்ணுமில்ல. விடு."

அவள் விட்டுவிட்டாள். சந்தேகப்பட வேண்டிய ஆளாக இவரை அவள் எப்போதுமே நினைத்ததில்லை.

அங்கே உட்கார்ந்திருந்தபோது அவருக்கு இரண்டு பயங்கள் இருந்தன. அவன் கண் விழிக்காமலே போய்விட்டால் என்ன செய்வது என்பது ஒன்று. விழித்துவிட்டால், "மாமா கூப்பிடவே இல்லையே" என்று சொல்வானே என்பது மற்றொன்று. இரண்டில் எது பெரியது என்று தனக்குள்ளே பார்த்தார். ஒரு கணம், ஒரே ஒரு கணம், இரண்டாவதுதான் பெரிதாகத் தெரிந்தது. அதைத் தெரிந்துகொண்ட பிறகு அவரால் மனைவியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. முகம் கழுவப் போகிறேன் என்று எழுந்து போய், குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல் அழுதார்.

மறுநாள் அவன் கண் விழித்தான், மூச்சுக் குழாயை எடுத்தார்கள். தன் பெயரைச் சொன்னான், அக்காவை அடையாளம் கண்டான், டாக்டர் காட்டிய விரல்களைச் சரியாக எண்ணினான். அவன் வாயைத் திறக்கும்போதெல்லாம் இதோ சொல்லிவிடப் போகிறான் என்று இவர் காத்திருந்தார். அவன் தண்ணீர் கேட்டான், போர்வை கேட்டான். டேங்க் என்ற பேச்சையே எடுக்கவில்லை. மாற்றுத்துணி எடுத்து வர மனைவி வீட்டுக்குக் கிளம்பினாள். "தம்பியைப் பாத்துக்கோங்க" என்று வழக்கம்போல வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் காலடிச் சத்தம் ஓயும்வரை மச்சினன் காத்திருந்தான்.

"மாமா" என்றான். குரல் கரகரத்தது. "எந்தப் பக்கத்துல என்னை விட்டீங்க?"

அவர் கை சட்டைக்குள் இருந்த புத்தகத்தின் மேல் போயிற்று.

"உள்ளே இருட்டு மாமா. ஓட்டைதான் வெளிச்சம். அது வழியா தெரியறது உங்க முழங்கால் மட்டும்தான். நாள் பூரா அதைத்தான் பாத்துக்கிட்டு வேலை செய்யறேன். அதுமேல ஒரு புத்தகம் வந்து உக்காந்தா தெரியாதா?"

"எப்பலேர்ந்து தெரியும்?"

"முத நாள்லேர்ந்து."

"ஏன்டா சொல்லல?"

"நீங்க சந்தோஷமா இருந்தீங்க." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டான். "உங்களை அப்படிப் பாத்ததே இல்லையே. கெடுப்பானேன்னு விட்டுட்டேன்."

அவர் சட்டைக்குள் கைவிட்டுப் புத்தகத்தை எடுத்தார். முந்தின நாளிலிருந்து அது அங்கேயேதான் இருந்தது, வயிற்றில் சிவப்பாகக் கோடு விழுந்திருந்தது. ஸ்டூலில் கடைசியாகப் படித்த பக்கம் தானாகவே திறந்துகொண்டது.

"படிங்க, கேப்போம்" என்றான்.

படித்தார். "'பயப்படுகிறவன் இன்னும் நடக்காத ஒன்றுக்குத் தன்னுடைய இன்றைய நாளைக் கொடுத்துவிடுகிறான். கதவை ஓயாமல் தட்டிப் பார்த்துக்கொண்டிருப்பவன் அந்த வீட்டில் ஒரு நாளும் வாழ்வதில்லை.'" புத்தகத்திலிருந்து நிமிர்ந்தார். "இங்கதான்டா. இதைப் படிச்சுட்டு அப்படியே உக்காந்துட்டேன். என்னைப் பத்தித்தான் எழுதியிருக்குன்னு நெனச்சேன்."

மச்சினன் கூரையைப் பார்த்துக்கொண்டு யோசித்தான்.

"நல்லாத்தான் எழுதியிருக்காரு" என்றான். "ஆனா, வீட்டுக்குள்ள இருக்கறவன்கிட்ட அவரு ஒரு வார்த்தை கேக்கலயே மாமா."

அவர் புத்தகத்தை மூடினார். "உங்க அக்காகிட்ட இன்னிக்கே சொல்லிடறேன்" என்றார். சொன்னவுடனேயே அவள் முகம் கண் முன்னால் வந்தது. அவள் ஒன்றும் சொல்லமாட்டாள், அழவும் மாட்டாள். நாளைக் காலையில் வாசலில் நின்று, வழக்கமாகச் சொல்வதைச் சொல்லாமல் இருப்பாள். அது போதும், அவருக்கு உயிர் போய்விடும்.

"சொல்லுங்க. அது உங்க பாடு" என்றான் அவன். "இப்ப மிச்சத்தைப் படிங்க."

"வேணாம்டா."

"படிங்க மாமா. அவ்வளவு நல்ல புத்தகத்துக்காகத்தானே விழுந்தேன். முடிவாவது தெரியட்டும்."

அவர் மறுபடி திறந்தார். எழுத்துகள் முதலில் கலங்கித் தெரிந்தன, பிறகு தெளிந்தன. ஒரு வரி படித்தார். அடுத்த வரி படித்தார். நிமிர்ந்து பார்த்தபோது மச்சினன் கண்ணை மூடியிருந்தான். போர்வை ஏறி இறங்குகிறதா என்று பார்த்தார். ஏறியது போலவும் இருந்தது, ஏறாதது போலவும் இருந்தது. விரலைப் பக்கத்தின் நடுவிலேயே வைத்துக்கொண்டு குனிந்தார்.

"இருக்கியா மாப்ளே?"

பதில் வரவில்லை. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. எழுந்தே விட்டார்.

"மாப்ளே!"

"இருக்கேன் மாமா" என்றான், கண்ணைத் திறக்காமல். "கூப்பிடுறதை நிறுத்தாம படிங்க."